திரும்பி வராதவற்றை எண்ணிய மேதை ஆபிரகாம் வால்ட்

சென்ற பருவத்தில் நம் விடுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். கணிப்பொறித் துறையில் பயிலும் நண்பர்கள் மூவர் ஒரு முயற்சியில் இறங்கினர். இளைஞர் பலர் கூடி ஆடும் கணினிப் போர் விளையாட்டுக்களில், எந்த நொடியில் யார் யாரைத் தாக்கினார், அதனால் விளைந்த சேதம் எவ்வளவு, வீழ்ந்தவர் யார் என்ற விவரமெல்லாம் வரிவரியாக ஒரு கோப்பில் பதிவாகும். அதைச் சண்டைப் பதிவு என்போம். அப்பதிவைப் படித்துக் கூட்டிக் கழித்து, யாருடைய தாக்குதல் சிறந்தது, அணி எங்கே தோற்றது என்று சொல்லும் நிரல் நூலகம் ஒன்றை அவர்கள் எழுதினர். பிறர் எழுதும் நிரல்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நிரல் தொகுதிக்கே நூலகம் என்று பெயர்.

நூலகம் பிழையின்றி இயங்குகிறதா என்று அறியத் தானியங்கிச் சோதனைகளையும் அமைத்தனர். பழைய சண்டைப் பதிவுகள் நாற்பதைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டனர். நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணிப்பொறி தானாகவே நாற்பது பதிவுகளையும் மீண்டும் படித்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும். நாற்பதும் தேறின. நண்பர்கள் மகிழ்ந்தனர். ஆனால் நூலகம் பிறர் கைக்குப் போன முதல் வாரத்திலேயே தவறான கூட்டுத்தொகைகளைத் தரத் தொடங்கியது. காரணத்தைத் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. பதிவுகளைத் திரட்டிய காலத்தில், பாதியில் அறுந்துபோன கோப்புக்களும், இணைப்பு முறிந்து முடிவில்லாமல் நின்றுவிட்ட சண்டைகளும் நிரலுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட்டனர். தேறிய நாற்பதும் முன்பே தேறக்கூடியவையாகப் பொறுக்கப்பட்டவை. பிழை முழுவதும் ஒதுக்கப்பட்ட கோப்புக்களில் ஒளிந்திருந்தது.

இதைக் கேட்ட புள்ளியியல் மாணவர் ஒருவர், ஆபிரகாம் வால்ட் என்ற பெயரைக் குறிப்பிட்டார். அப்பெயரைக் கேள்விப்பட்டிருந்த சிலருக்கும், அவர் நம் தமிழ்நாட்டு நீலகிரி மலையில் உயிர் நீத்தவர் என்பது தெரிந்திருக்கவில்லை. சொந்த ஊரிலிருந்து இரண்டு இரவு இரயிலில் பயணம் செய்து இங்கு வந்து படிக்கும் நமக்கு, அயல்நாட்டிலிருந்து நம் ஊருக்கு வந்து திரும்பாமலே போன அந்த அறிஞரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டாமா?

ஆபிரகாம் வால்ட் 1902ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கொலொஸ்வார் நகரில் பிறந்தார். அந்நகரம் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியாவுக்கு உரியதாயிற்று. இன்று அதன் பெயர் குளூஜ். வால்டின் குடும்பம் ஆசாரம் மிக்க யூதக் குடும்பம். தந்தையார் ரொட்டி சுடும் தொழில் செய்தவர். பாட்டனார் யூத சமய குரு.

அக்காலத்து ஹங்கேரியப் பள்ளிகளில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. சனிக்கிழமையோ யூதர்களுக்கு ஓய்வுக்குரிய புனித நாள். படிப்பா, சமயமா என்ற கேள்வி எழுந்தபோது அக்குடும்பம் சமயத்தைக் கைவிடவில்லை, படிப்பையும் கைவிடவில்லை. சிறுவனுக்குப் பெற்றோரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பள்ளிக்கூடத்தின் வாசனை இல்லாமல் வளர்ந்தவர் பிற்காலத்தில் உலகின் பெரும் கணித ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாடத்திட்டத்தின் வேகத்துக்கு ஓட வேண்டியிராமல், ஒன்றை முழுதும் விளங்கிக்கொண்ட பிறகே அடுத்ததற்குச் செல்லும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது போலும்.

தம் ஊர்ப் பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்ற பின், 1927இல் அவர் வியன்னா சென்றார். கலைக்கும் கல்விக்கும் பேர்போன நகரம் அது. அங்கே கணிதப் பேராசிரியர் கார்ல் மெங்கர் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். வடிவ கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி ஜெர்மானிய மேதை டேவிட் ஹில்பர்ட் எழுதிய நூலை வால்ட் தாமாகவே கற்று, அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் திருத்தம் சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார். மெங்கரின் மேற்பார்வையில் ஆராய்ந்து 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. அன்றைய வியன்னாவில் யூதர் ஒருவருக்கு, அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு, பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் பணி எட்டாக் கனி. மெங்கர் ஒரு வழி செய்தார். பொருளாதாரத்தில் ஈடுபாடு கொண்ட கார்ல் ஷ்லெசிங்கர் என்ற வங்கி அதிபருக்குக் கணிதம் கற்றுக்கொடுக்கும் வேலையை வாங்கித் தந்தார். ஆஸ்கார் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞரும் தம் ஆராய்ச்சி நிலையத்தில் வால்டுக்கு இடம் அளித்தார். வயிற்றுப்பாட்டுக்காக ஏற்ற அப்பணிகளிலிருந்தும் அரிய பயன் விளைந்தது. சந்தையில் எல்லாப் பொருள்களின் விலைகளும் ஒரே சமயத்தில் சமநிலை அடைவது சாத்தியமா என்ற கேள்விக்கு, சாத்தியமே என்று கணித முறைப்படி திட்பமாக நிறுவிய கட்டுரைகளை அவர் 1930களின் நடுவில் வெளியிட்டார். அத்துறையில் பின்னர் 1954இல் ஆரோ, டெப்ரூ என்ற இருவர் எழுப்பிய பெரிய கட்டடத்துக்கு அது அடிக்கல்லாக அமைந்தது.

1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் புகுந்தது. படை நுழைந்த நாளிலேயே ஷ்லெசிங்கர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வால்டின் வாழ்வும் ஆபத்தில் ஆழ்ந்தது. நல்வாய்ப்பாக, அமெரிக்காவில் பொருளாதார ஆராய்ச்சி நடத்திவந்த கௌல்ஸ் ஆணையத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அவ்வாண்டு கோடையில் அவர் அமெரிக்கா சென்றார். விரைவிலேயே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஹரால்டு ஹோட்டலிங் என்ற புள்ளியியல் பேராசிரியரின் ஆதரவு கிடைத்தது. அதுவரை வடிவ கணிதத்திலும் பொருளாதாரத்திலும் உழைத்தவர், முப்பத்தைந்து வயதைக் கடந்த பின் புள்ளியியலைக் கற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அத்துறையின் முன்னணி அறிஞராகவும் ஆனார்.

அவர் தப்பினார். வீட்டார் தப்பவில்லை. கொலொஸ்வார் நகரத்து யூதர்களை 1944ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் இரயில் வண்டிகளில் அடைத்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினர். வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்த பெற்றோரும் உடன்பிறந்தாரும் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். ஒரு சகோதரர் மட்டும் உயிரோடு மிஞ்சி, பின்னர் அமெரிக்கா வந்து சேர்ந்தார். இத்துயரத்தை நெஞ்சில் சுமந்தபடியேதான் வால்ட் வாழ்ந்தார் என்பதை மறந்துவிட்டு அவருடைய கணக்குகளை மட்டும் படிப்பது முறையாகாது.

போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. 1942 முதல் 1945 வரை அது பணியாற்றியது. ஆலன் வாலிஸ் அதன் தலைவர். ஹோட்டலிங், ஜேக்கப் உல்ஃபோவிட்ஸ், பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபெல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மன் முதலியோர் அதில் இருந்தனர். படைத்துறையினர் தமக்கு எழுந்த கணக்குச் சிக்கல்களை அங்கே அனுப்புவார்கள். வால்டும் அதில் சேர்ந்தார். பகைநாட்டிலிருந்து வந்தவர் ஆதலால், அவர் எழுதும் இரகசியக் குறிப்பையே அவர் பார்க்கக் கூடாது என்றும், ஒவ்வொரு தாளும் எழுதி முடிந்தவுடன் கையிலிருந்து பறிக்கப்பட வேண்டும் என்றும் நண்பர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனராம்.

1943இல் அவர் கைக்கு வந்த சிக்கல்களுள் ஒன்றே அவர் பெயரை இன்று மாணவர் நாவில் நிலைபெறச் செய்தது. அதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

குண்டு வீசச் சென்ற விமானங்கள் தளத்துக்குத் திரும்பியதும், அவற்றின் உடலில் பகைவர் குண்டு பட்ட ஓட்டைகளை எண்ணிக் குறித்து வைப்பது வழக்கம். அதுவும் ஒரு சண்டைப் பதிவே. அப்பதிவைக் கொண்டு, ஒரு விமானம் எத்தனை அடி தாங்கும், எப்பகுதியில் பட்டால் வீழும் என்பதை அறிய வேண்டும். ஓட்டை மிகுந்த இடத்தில் கவசம் பூட்டலாம் என்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அப்பதிவில் ஒரு பெருங்குறை உண்டு. திரும்பி வந்தவற்றின் காயங்கள் மட்டுமே அதில் உள்ளன. வீழ்ந்த விமானங்களின் காயங்களைக் கடலும் பகைநிலமும் அல்லவா மறைத்துக்கொண்டன!

வால்ட் தம் குறிப்பில் எடுத்துக்காட்டாக அமைத்த கணக்கு ஒன்று உண்டு. 400 விமானங்கள் போருக்குச் செல்கின்றன. 380 திரும்புகின்றன. திரும்பியவற்றுள் 320 விமானங்களில் ஓட்டையே இல்லை. 32இல் ஒரு குண்டும், 20இல் இரண்டு குண்டுகளும், 4இல் மூன்றும், 2இல் நான்கும், 2இல் ஐந்தும் பட்டுள்ளன. 20 விமானங்கள் திரும்பவில்லை.

திரும்பியவற்றின் ஓட்டைகளைக் கூட்டினால் 102 வரும். அந்த 102 குண்டுகளும் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தவில்லை. பதிவை மட்டும் நம்புகிறவன், குண்டு பட்டால் ஒன்றும் ஆகாது என்றுகூட முடிவு கட்டிவிடுவான்! வால்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார். விமானங்கள் பகைவர் குண்டால் மட்டுமே வீழ்கின்றன என்றும், ஒவ்வொரு குண்டுக்கும் தப்பிக்கும் வாய்ப்பு ஒரே அளவினது என்றும் கொள்வோம். இரண்டு குண்டுகள் பட்டு மீண்ட 20 விமானங்களுக்குப் பின்னால், அதே இரண்டு குண்டுகளுக்கு ஆளாகி மீளாமற் போனவை சில இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வகைக்கும் மீளாதவற்றைச் சேர்த்துக் கூட்டினால், ஓட்டையின்றி வந்த 320 நீங்கலாக மீதமுள்ள 80 என்ற எண் கிடைக்க வேண்டும். அதற்கு ஏற்ற வாய்ப்பைச் சமன்பாட்டால் கண்டார். ஒரு குண்டு பட்டால் தப்பும் வாய்ப்பு 0.851, அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கு வீழும் அபாயம். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால், ஒரு குண்டுக்கு ஆளாக இருந்தவை ஏறக்குறைய 38, மீண்டவை 32; இரண்டுக்கு ஆளாக இருந்தவை ஏறக்குறைய 28, மீண்டவை 20. காணாமற்போன 20 விமானங்களும் இவ்வாறு தத்தம் வரிசையில் வந்து நின்றுவிட்டன. விமானத்தைத் தொட்டுப் பாராமலே அதன் காயத்தைக் கணித்த இத்திறம் வியக்கத்தக்கதன்றோ!

இதே வழியில் அவர் விமானத்தின் பகுதிகளையும் தனித்தனியே ஆராய்ந்தார். பகைவர் குண்டுகள் விமானத்தின் எல்லாப் பக்கமும் பரவலாகவே பாய்கின்றன. அப்படியிருக்க, திரும்பி வந்தவற்றின் இயந்திரப் பகுதியில் மட்டும் ஓட்டைகள் குறைவாக இருந்தால் அதன் பொருள் என்ன? இயந்திரத்தில் அடிபட்டவை திரும்பவில்லை என்பதே. ஓட்டை குறைந்த இடமே பாதுகாப்பு மிகுதியும் வேண்டிய இடம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். படைத் தலைவர்கள் கூடிய அவையில் வால்ட் எழுந்து நின்று ஒரே சொல்லில் அவர்கள் கண்ணைத் திறந்தார் என்பது போன்ற கதைகள் இன்று பரவியுள்ளன. சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் ஒன்றும் எங்கும் காணப்படுகிறது. அந்தப் படம் அவர் வரைந்ததன்று, பிற்காலத்தார் வரைந்தது. அவர் விட்டுச் சென்றவை சமன்பாடுகள் நிறைந்த எட்டுக் குறிப்புகளே. 1980இல் அவை மறுபதிப்பாக வெளிவந்தன. நாடகக் காட்சியைவிட அந்த எட்டுக் குறிப்புகளே அவருக்குப் பெருமை தருவன. குறை இருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதோடு நில்லாமல், எவ்வளவு குறை என்று எண்ணிக் காட்டிய உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

அதே 1943ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு பணி, புள்ளியியலின் போக்கையே மாற்றியது. கடற்படையில் புதிய வெடிகுண்டு வகையைச் சோதிக்கும்போது ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்ப்பது விதி. அனுபவம் மிக்க அதிகாரி ஒருவர் சில நூறு குண்டுகளைச் சுட்டவுடனேயே இது தேறும், இது தேறாது என்று கண்டுகொள்வார். ஆயினும் விதிப்படி எல்லாவற்றையும் சுட்டுத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்று கடற்படை அதிகாரி ஷைலர் என்பவர் வாலிஸிடம் குறைபட்டுக்கொண்டார். வாலிஸும் ஃபிரீட்மனும் இச்சிக்கலைச் சிந்தித்து வால்டிடம் கொண்டுவந்தனர். அனுபவசாலியின் உள்ளுணர்வுக்குக் கணித விதி ஒன்று வகுக்க முடியுமா என்பதே கேள்வி. வால்ட் வகுத்துவிட்டார். அதுவே தொடர் சோதனை முறை.

முறையின் சாரம் எளிது. எத்தனை சோதனை செய்வது என்று முன்னதாகவே முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கணக்கைப் பார்க்க வேண்டும். சான்று ஒரு கோட்டைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளலாம். எதிர்க்கோட்டைத் தாண்டினால் தள்ளிவிடலாம். இரண்டுக்கும் இடையே நின்றால் இன்னும் ஒரு சோதனை செய்ய வேண்டும்.

நம் நண்பர்களின் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். கணிப்பொறி தற்போக்காகச் சண்டைப் பதிவுகளை உண்டாக்கி ஒவ்வொன்றாக நூலகத்துக்குக் கொடுக்கிறது. நூற்றுக்கு ஒன்று தவறினால் பொறுக்கலாம், பத்துக்கு ஒன்று தவறினால் ஆகாது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் தவறான முடிவுக்கு நூற்றுக்கு ஐந்து இடம் தருவோம். அப்போது கோடுகள் 19 என்றும் 19இல் ஒரு பங்கு என்றும் அமையும். கணக்கை 1 என்ற எண்ணில் தொடங்க வேண்டும். ஒரு சோதனை தவறினால் 10 ஆல் பெருக்க வேண்டும். தேறினால் 10 ஆல் பெருக்கி 11 ஆல் வகுக்க வேண்டும். முதல் இரண்டு சோதனைகளும் தவறினால் எண் 100 ஆகி 19ஐத் தாண்டிவிடும். நூலகத்தை உடனே தள்ளிவிடலாம். தொடர்ந்து 31 சோதனைகள் தேறினால் எண் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கும், ஏற்றுக்கொள்ளலாம். இடையில் ஒன்று மட்டும் தவறினால், 56 வெற்றிகள் சேர்ந்த பிறகே ஏற்க இயலும். நல்லதை விரைவில் ஏற்று, கெட்டதை விரைவில் தள்ளி, ஐயத்துக்கு இடமானதிடம் மட்டும் அதிக நேரம் செலவழிக்கும் இம்முறை, பழைய முறையைவிடச் சராசரியில் ஏறக்குறைய பாதி உழைப்பை மிச்சப்படுத்தியது.

போர்க்காலத்தில் இரகசியமாக வைத்திருந்த இம்முறை 1945இல் வெளியாயிற்று. 1947இல் அது நூல் வடிவம் பெற்றது. வால்டும் உல்ஃபோவிட்ஸும் 1948இல், அதே அளவு உறுதியை இதைவிடக் குறைந்த சராசரிச் சோதனையில் பெற வேறு எம்முறையாலும் இயலாது என்று நிறுவினர். தம் முன்னோடிகளைக் குறிப்பிடும்போது வால்ட் மறவாமல் சொன்ன பெயர்களுள் ஒன்று நம் நாட்டு மகாலனோபிஸ் பெயர். வங்காளத்துச் சணல் சாகுபடியின் பரப்பை அறிய மகாலனோபிஸ் படிப்படியாக நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பை இம்முறையின் முன்னோடியாக அவர் மதித்தார்.

புகழ் பெருகியது. 1946இல் கொலம்பியாவில் தொடங்கிய கணிதப் புள்ளியியல் துறைக்கு வால்ட் தலைமை ஏற்றார். 1948இல் கணிதப் புள்ளியியல் கழகத்தின் தலைவராக விளங்கினார். வகுப்பில் தெளிவாகப் பாடம் நடத்துவதில் பேர் பெற்றவர். கடினமான ஒன்றைச் சுற்றி வளைக்காமல், படிப்படியாக மாணவரை அழைத்துச் செல்வார். முடிவெடுப்பதையே கணிதமாக்கிய அவருடைய பெருநூல் 1950இல் வெளிவந்தது. முடிவு தவறினால் நேரும் இழப்பு, மேலும் சோதிக்க ஆகும் செலவு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் வழியை அந்நூல் காட்டியது.

1941இல் லூசில் லாங் என்ற மங்கையை மணந்து, ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் தந்தையாகியிருந்தார். வீட்டையும் சுற்றத்தையும் இழந்தவருக்கு மீண்டும் ஒரு வீடு அமைந்தது.

1950ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் அழைப்பை ஏற்று, மனைவியுடன் நம் நாட்டுக்கு விரிவுரை ஆற்ற வந்தார். விடுதலை பெற்ற இந்தியா திட்டமிட்டு முன்னேற முனைந்திருந்த நேரம் அது. புள்ளியியலின் தேவையை நாடு உணர்ந்திருந்தது. மகாலனோபிஸ் நிறுவிய கல்கத்தாப் புள்ளியியல் நிறுவனம் உலகப் புகழ் பெற்றிருந்தது. அத்தகைய நேரத்தில் வந்த வால்டின் வருகை பெரும்பேறாகக் கருதப்பட்டது.

டிசம்பர் 13ஆம் நாள் வால்டும் அவர் மனைவியும் சென்ற விமானம் நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகிலுள்ள ரங்கசாமி மலைச் சிகரத்தில் மோதி நொறுங்கியது. அதில் பயணம் செய்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. வால்டுக்கு அப்போது வயது 48. நியூயார்க்கில் இரண்டு இளங்குழந்தைகள் ஒரே நாளில் தாய் தந்தை இருவரையும் இழந்தனர். அவர்களுள் மகன் ராபர்ட் வால்ட் பிற்காலத்தில் பொதுச் சார்பியல் துறையில் சிறந்த பௌதிக அறிஞரானார். திரும்பி வராத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர், திரும்பி வராத விமானத்தில் சென்றார். விதியின் கொடுமை என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

அவர் கண்ட முறைகள் அவரோடு மறையவில்லை. புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது, பயன் தெளிவாகத் தெரிந்தாலோ தீங்கு புலப்பட்டாலோ சோதனையை இடையில் நிறுத்தும் முறைகள் அவர் வழியில் வளர்ந்தவை. ஆலைகளில் பொருள்களின் தரத்தைக் காண்பதும், இணையத்தில் இரண்டு அமைப்புக்களுள் எது சிறந்தது என்று ஒப்பிடுவதும் அவ்வழியே நடக்கின்றன. போர் விமானங்களின் வலிமையைக் கணிக்க அவர் எழுதிய குறிப்புகள் கொரியா, வியட்நாம் போர்க்காலங்களிலும் பயன்பட்டன.

இனி நம் விடுதி நண்பர்களிடம் திரும்புவோம். வால்டின் வாழ்விலிருந்து அவர்கள் இரண்டு பாடங்களைக் கற்றனர். எப்போது சோதனையை நிறுத்தலாம் என்பது ஒன்று. எதைச் சோதிக்காமல் விட்டோம் என்று கேட்பது மற்றொன்று. முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது. தேறக்கூடியவற்றையே பொறுக்கி வைத்துக்கொண்டு 31 முறை அல்ல, முப்பத்தோராயிரம் முறை சோதித்தாலும் கோடு தாண்டும், உண்மை வெளிப்படாது. தானியங்கிக்குக் களைப்பு இல்லை. ஆனால் தன்னிடம் கொடுக்கப்படாத கோப்பைத் தேடிச் செல்லும் அறிவும் அதற்கு இல்லை. அந்த அறிவு சோதிப்பவனுக்கு வேண்டும். இப்போது நண்பர்கள், ஒதுக்கிய கோப்புக்களையெல்லாம் மீண்டும் தேடி எடுத்து, அறுந்தவை, முடிவற்றவை, வரிசை குலைந்தவை என்று வகைப்படுத்திச் சோதனையில் சேர்த்துள்ளனர். எத்தனை கோப்பு தேறின என்பதோடு, எத்தனை கோப்பு படிக்க இயலாமல் நின்றன என்பதையும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி எழுதிக் காட்டுகிறது. அந்த இரண்டாவது எண்ணை வால்ட் எண் என்று அவர்கள் தமக்குள் அழைக்கிறார்கள்.

நண்பர்களே, இது விளையாட்டுக்கும் விமானத்துக்கும் மட்டும் உரிய பாடமன்று. தேர்வில் வென்றவர் பட்டியல் பலகையில் தொங்குகிறது. கட்டணம் கட்ட இயலாமல் இடையில் படிப்பை விட்டவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வென்றவர்களைப் பார்த்தே நம் கல்வி நன்று என்று முடிவு கட்டினால், ஓட்டையுள்ள இடத்தில் கவசம் பூட்டியவர் ஆவோம். கொலொஸ்வார் நகரத்திலிருந்து தப்பி வந்த ஒருவர், தப்பி வராதவர்களைக் கணக்கில் சேர்க்க உலகுக்குக் கற்றுத் தந்தார். விடுமுறையில் கோத்தகிரி செல்வோர் ரங்கசாமி மலையைக் காணும்போது, அம்மேதையை ஒரு கணம் நினைந்து வணங்குவார்களாக.